கதவுக்குப் பின்னால் மாமனார்

இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மண்டபமே குலுங்கிச் சிரிக்கப்போகிறது, முன்வரிசையில் வேட்டி மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய மனுசர்கள் முதல் பின்னால் ஜன்னல்கட்டையில் தொற்றிக்கொண்டிருக்கும் பையன்கள் வரை, சிரிக்க வைக்கப்போவது நான், ஹெப்சி, தவமணி வாத்தியாரின் இரண்டாவது மகள், ஆனால் இப்போது இல்லை, இப்போதே சிரித்துவிட்டால் அப்புறம் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது, கொஞ்சம் பொறுங்கள், நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு பிளைவுட் கதவுக்குப் பின்னால், ஒரு கால் குட்டையான ஸ்டூலில், பெயிண்ட் வாசனை தொண்டைக்குள் இறங்க இறங்க. என்னை யாரும் பார்க்க முடியாது. நான் சவேலி கார்பிச், ருஷ்ய தேசத்துத் தானிய வியாபாரி, பெரும் பணக்காரன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், நோயாளி, நாடகம் முழுக்க இந்தக் கதவுக்குப் பின்னால் படுத்தபடியே பேசுகிறவன், கதவு ஒருதடவைகூடத் திறக்காது. இந்தப் பழைய ருஷ்யக் காமெடியைத் தமிழில் ஆக்கி இயக்குகிறவர் கோயில்பிள்ளை சார், பகலில் கூட்டுறவு சங்கத்தில் உத்தியோகம், சாயங்காலம் ருஷ்யா, மூக்கால் பேசுவார், "ஹெப்சி, கொஞ்சம் குளுருல இருமும்மா, இது பாளையங்கோட்ட இருமலா இருக்கு" என்பார், நானும் அதே மூக்கால் "சரி சார், பனியப் போட்டு இருமுதேன் சார்" என்பேன், எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரித்துவிட்டு அப்புறம்தான் கோபப்பட வேண்டும் என்று ஞாபகம் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆம்பளைக் குரலுக்குப் பொம்பளைப்பிள்ளையா என்று குழுவில் இரண்டு பேர் முனகினார்கள், நான் அந்த இரண்டு பேரின் முனகலையும் அப்படியே முனகிக் காட்டினேன், அதற்குமேல் யாரும் பேசவில்லை.

சிரிப்பு எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறேன், சொன்னாலும் கெட்டுப்போகாத சிரிப்பு அது. சவேலிக்கு ஒரே மகள், நாஸ்த்யா, அது என் அக்கா ஜாய்ஸ். அவளைக் காதலிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவன் கிளெப், மீசையும் பித்தான் வைத்த கோட்டுமாக ஒரு ராணுவ அதிகாரி, சட்டைப்பையில் காற்று. அது இன்பராஜ் அத்தான். அத்தான் என்று நான் இப்போதே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், நிஜத்திலும் அவர் அக்காவைத்தான் கட்டப்போகிறார். கதவுக்குப் பின்னாலிருந்து சவேலி ஒரு பொய் சொல்வான், தானியக் கிடங்கு எரிந்துபோயிற்று, கப்பல் முழுகிப்போயிற்று, என் மகளுக்குக் கொடுக்க இனி ஒன்றுமில்லை என்பான், பையன் நிற்கிறானா ஓடுகிறானா பார்ப்பதற்கு. கிளெப் ஓடமாட்டான். முழங்கால் போட்டு நாஸ்த்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு காசு என்ன காசு உன் அன்பு போதும் என்று உருகுவான், உருகிக்கொண்டே மற்றக் கையால் பின்னால் தடவித் தடவித் தன் தொப்பியைத் தேடுவான், நாற்காலிக்குக் கீழே, மேஜைமேல், கிடைக்காது, வசனம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருக்கும், அப்போது கதவுக்குப் பின்னால் எதையுமே பார்க்க முடியாத இடத்திலிருந்து சவேலி சாவகாசமாகச் சொல்வான், தொப்பி ஜன்னல் பக்கம் கிடக்கு மாப்ளே. அவ்வளவுதான். ஒத்திகையில் டீ கொண்டுவந்த தம்பி தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். ருஷ்யாவில் எழுதினவன் எந்தக் காலத்தில் செத்தானோ, அவனுக்குப் பாளையங்கோட்டை எப்படித் தெரிந்தது என்று கோயில்பிள்ளை சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அந்த இடம் வருவதற்கு இன்னும் பாதிக் காட்சி இருக்கிறது. இப்போது மேடையில் அக்கா சமோவாரிலிருந்து தேநீர் ஊற்றுகிறாள், சமோவார் என்றால் எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலைக்கு ஜிகினாத்தாள் ஒட்டினது, அத்தான் கோப்பையை வாங்குகிறார், கதவிடுக்கு வழியாக அவர் காது மட்டும் தெரிகிறது, காது சிவந்திருக்கிறது, மேக்கப் காதுவரை போடவில்லை, அந்தச் சிவப்பு அவருடையது. என் கை ஏன் இப்படி வேர்க்கிறது, நான் வெறும் குரல், எனக்கு எதற்குக் கை.

எனக்கு வராத குரல் இல்லை. பஸ் கண்டக்டர், காய்க்காரி, எங்கள் சபைப் போதகர் ஐயர், கிறிஸ்மஸுக்கு மட்டும் கோயிலுக்கு வரும் டாக்டர், மிக்சியில் கருப்பட்டி மாட்டிக்கொள்ளும் சத்தம், அம்மா கோபமாக இருக்கும்போது கோபமில்லை என்று சொல்லும் குரல். அப்பா குரல் எனக்கு ரொம்ப சுலபம். முதலில் ஆங் என்று ஒரு இழுப்பு, அப்புறம் ஒண்ணுமில்ல, அப்புறம் சம்பந்தமில்லாமல் சாப்ட்டாச்சா, கெட்ட சேதி என்றால் மட்டும் ஸ்தோத்திரம், நல்ல சேதிக்கு அப்பா ஸ்தோத்திரம் சொல்லி நான் கேட்டதில்லை, நல்ல சேதிக்குச் சும்மா சிரிப்பார். அந்தக் குரலில் குளியலறைக்கு வெளியே நின்று அக்காவை எத்தனையோ தடவை பயங்காட்டியிருக்கிறேன், ஏமாந்தது தெரிந்ததும் நான் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துவேன், அதுதான் விளையாட்டு முடிந்ததற்கு மணி, கத்தினதும் எதிராளி சொம்பையோ செருப்பையோ எறிவார், நான் ஓடுவேன், சரியாகிவிடும். ஏமாற்றுவது பெரிதில்லை, கத்த வேண்டிய நேரத்தில் கத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அது விளையாட்டில்லை, வேறு என்னவோ. இன்றைக்கு மத்தியானம் நான் கத்தவில்லை. கத்துவதற்குள் அத்தான் போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் அப்பா வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து போனை நெஞ்சுமேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், போன் மூச்சுக்கு மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது, படகு மாதிரி, அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தோன்றியது, அல்லது சவேலிக்குத் தோன்றியது, ஆறு வாரமாக அவன் பொய்யைச் சொல்லிச் சொல்லி என் நாக்கில் அது தானாக ஓடிக்கொண்டிருந்தது, கிடங்கு எரிஞ்சுபோச்சு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மெதுவாகப் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் பக்கம் போய் அத்தானைக் கூப்பிட்டேன். ஒரே சிரிப்பு எனக்குள், வயிற்றில் குமிழ்குமிழாக. "ஆங்… மாப்ள… ஒண்ணுமில்ல… சாப்ட்டாச்சா." அவர் உடனே பதறி, "ஆச்சு மாமா, சொல்லுங்க மாமா" என்றார், பக்கத்தில் யாரோ மருந்துப் பெட்டிகளை எண்ணுகிற சத்தம், அவர் மருந்து கம்பெனி ஆள், எப்போதும் ஏதாவது ஒரு மருந்துக்கடையில்தான் நிற்பார். "ஸ்தோத்திரம்… ஒரு சங்கடம் மாப்ள. அந்த மனைய விக்கது நடக்காது போல. பத்திரத்துல வில்லங்கம் இருக்குங்கான். அத வச்சுதான் ஜாய்ஸுக்கு நக எடுக்கலாம்னு இருந்தேன். இப்ப எங்கிட்ட ஒண்ணுமில்ல மாப்ள. பிள்ளய மட்டுந்தான் தர முடியும்." கடைசி வரியில் கொஞ்சம் உடைத்தேன், அப்பா அழமாட்டார், ஆனால் அழாமலிருக்கத் தொண்டையைச் செருமுவார், அந்தச் செருமலைப் போட்டேன், எனக்கே சிலிர்த்துவிட்டது, அவ்வளவு சுத்தமாக வந்தது. மருந்துப் பெட்டி எண்ணுகிற சத்தம் நின்றுவிட்டது, அல்லது அவர் வெளியே நடந்துவிட்டார். நான் ஆட்டுக்குட்டியைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன், அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், நகையா முக்கியம் மாமா என்று சொல்லட்டும், உடனே கத்திவிடலாம். "சரி மாமா" என்றார். அப்புறம், "அம்மாட்ட ஒரு வார்த்த பேசிட்டுச் சொல்லுதேன் மாமா" என்றார், வைத்துவிட்டார். ஆட்டுக்குட்டி தொண்டையிலேயே நின்றது. இப்போதும் அங்கேதான் நிற்கிறது, எச்சில் விழுங்கினால் இடிக்கிறது.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், தெரியும், எல்லாரும் சொல்வது மாதிரி எனக்கும் சொல்லத் தெரியும். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, மணி அடித்து அடித்து ஓய்ந்தது, மாமனார் கூப்பிட்டு எடுக்காத மாப்பிள்ளை, அப்போதே வயிற்றுக் குமிழெல்லாம் ஒவ்வொன்றாக உடைந்தது. அதற்குள் அப்பா நெஞ்சைத் தடவிப் பார்த்து, "ஏட்டி, போன எங்க" என்று எழுந்துவிட்டார். எனக்குப் போன் கிடையாது, மார்க் வந்த அன்றைக்கு அம்மா பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அக்கா போனிலிருந்து கூப்பிட்டால் அக்கா கேட்பாள், எதுக்குட்டி. சரி, மேக்கப் அறையில் சொல்லிவிடலாம் என்று வந்தேன், அங்கே அத்தானுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், உதட்டை அசைக்கக்கூடாது, "அத்தான், மத்தியானம் ஒரு விசயம்" என்றேன், அவர் என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கி அப்புறம் என்பதாகக் காட்டினார், அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் ஒட்டின மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வழக்கமாக என்னைக் கண்டதும், "கொழுந்தியா, எங்கம்மா மாதிரி பேசிக் காட்டு" என்பார், நான் பேசினால் கண்ணில் நீர் வரச் சிரிப்பார், பெற்ற அம்மாவைக் கேலி செய்தால் அப்படிச் சிரிக்கிறவர் நல்லவராகத்தானே இருக்க வேண்டும் என்று நான்தான் முதன்முதலில் அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ. இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன், சொல்ல நேரம் இருந்தபோதும் நான் ஒரு நொடி சொல்லாமல் நின்றேன், மீசைக்குப் பசை காய்கிறவரை யாரும் பேசவில்லை, அந்த அறையில் மேக்கப்காரரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர்தான், அவர் காதருகே குனிந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நிற்கிறாரா ஓடுகிறாரா. சவேலி மாதிரி. சவேலிக்காவது அது சொந்த மகள், சொந்தக் கிடங்கு.

இருமல். என் இருமல் வர வேண்டிய இடம். இருமிவிட்டேன், குளிரோடு, மண்டபத்தில் சின்னச் சிரிப்பு, முன்னோட்டம், சரி. "அப்பாவுக்கு இன்றைக்கு இருமல் அதிகம்" என்கிறாள் நாஸ்த்யா, "கடவுள் அவருக்கு நீண்ட ஆயுள் தரட்டும்" என்று கிளெப் சொல்லி, எவ்வளவு நீளம் என்று யோசிப்பதுபோல் மேலே கூரை மோட்டைப் பார்க்க வேண்டும், அதற்கும் சிரிப்பு உண்டு, அத்தான் மோட்டைப் பார்க்கிறார், சிரிப்பு வருகிறது, நன்றாகத்தான் நடிக்கிறார், ஒத்திகையைவிட நன்றாக, அதுதான் பயமாக இருக்கிறது, நடிப்பதற்கு இன்றைக்கு அவருக்கு எங்கிருந்தோ நிறையக் கிடைத்திருக்கிறது. இடைவேளையில் அவர் பின்வாசல் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போன் பேசினார். நான் அந்தப் பக்கம் போனது வேண்டுமென்றேதான். கிசுகிசுப்பாகப் பேசினார், ஒட்டு மீசை விழாமலிருக்க ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டு, "நாளைக்கு ஓலை வேண்டாம்னு ஐயர்ட்ட நீங்களே சொல்லிருங்கம்மா." அவ்வளவுதான் கேட்டேன். ஓலை என்றால் எங்களுக்குக் கல்யாண அறிவிப்பு, ஆராதனை நடுவில் ஐயர் எழுந்து இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்பார், யாரும் சொல்லமாட்டார்கள், பெண்ணைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாளைக்கு முதல் ஓலை. எழுதிக் கொடுத்தாயிற்று. அத்தை வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் சொல்லியாயிற்று, அவர்கள் நாளைக்கு எங்கள் கோயிலுக்கு வருகிறார்கள், அம்மா கறிக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். நாளைக்கு ஐயர் அறிவிப்புகளைப் படித்துக்கொண்டே வந்து, பெண்கள் ஐக்கியக் கூட்டம், சமபந்தி, பாடகர் குழுப் பயிற்சி என்று படித்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார். அந்த மடிக்கிற சத்தத்தைக்கூட என்னால் இப்போதே வாயால் செய்துகாட்ட முடியும். எல்லாரும் அப்போதும் அக்காவைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாளைக்கு ஓலை வேண்டாம்னு ஐயர்ட்ட சொல்லிருங்கம்மா. இதை நான் இடைவேளையிலிருந்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாவம் மாமா, பணமுடையில் இருக்கிறார், அவசரப்படுத்த வேண்டாம், ரெண்டு வாரம் போகட்டும் என்கிற மாதிரிச் சொன்னால் அது ஒரு மாதிரி, வேண்டாம் என்கிற சொல்லில் ஒரு குழைவு வரும், ம்மாவில் கொஞ்சம் கெஞ்சல் இருக்கும். தப்பித்தோம், நல்லவேளை ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சது என்கிற மாதிரிச் சொன்னால் சொல்லிருங்க என்பதில் ஒரு வெட்டு விழும். எல்லாம் அதே வார்த்தைகள். ஒரு குரலைக் கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும், அதில்தான் எனக்குக் கர்வம், ஆனால் அவர் கிசுகிசுத்தார், கிசுகிசுப்புக்குக் குரல் கிடையாது, வெறும் காற்று, ஐயர் கிசுகிசுத்தாலும் காய்க்காரி கிசுகிசுத்தாலும் ஒன்றுதான், அதை மட்டும் என்னால் பிடிக்க முடியாது. நீங்களே சொல்லிருங்க என்றாரே, ஏன் நீங்களே, தான் சொல்லக் கூச்சமா, தன் பெயர் வரக்கூடாதா, அம்மா மேல் பாரத்தைப் போடுகிறாரா, அல்லது அம்மாக்கள் சொல்வதுதானே வழக்கம், ஆமாம் வழக்கம்தான், எங்கள் பக்கத்திலும் அம்மாதான் சொல்லுவாள், ஆனால் நல்ல சேதியைத்தானே அம்மாக்கள் சொல்வார்கள், இல்லை, கெட்டதையும் அவர்கள்தான் சொல்வார்கள்.

அவர் அம்மா கனியம்மாள் முன்வரிசையில் இருக்கிறார், அந்தப் பக்கம் எங்கள் அம்மா, அடுத்து அப்பா. கதவிடுக்கில் கண்ணைச் சாய்த்தால் மூன்று பேரும் தெரிகிறார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்த அம்மா சொன்னது எனக்கு மனப்பாடம், நான் வீட்டில் எத்தனையோ தடவை செய்துகாட்டியிருக்கிறேன், மோவாயைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டு, "நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. ஒங்க பிள்ளைக்கு நீங்க போடுதது. நாலு பேரு பாக்க மாதிரி இருந்தாப் போதும்." அம்மா சிரிப்பாள், அக்காகூடச் சிரிப்பாள், அப்பா மட்டும் சிரிக்காமல் மறுநாளே மனைக்கு ஆள் பார்க்கப் போனார். இடைவேளைக்கு முன்னால் கனியம்மாளும் அம்மாவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஏதோ காதில் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அதன்மேல் அந்த அம்மாவின் கைப்பை. புழுக்கமாக இருக்கும், காற்று வரட்டும் என்று தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அம்மா பாவம், அந்தப் பையைத் தாண்டிக் குனிந்து ஏதோ சொல்கிறாள், மேடையைக் காட்டுகிறாள், என் மூத்தவளைப் பாருங்க என்கிறாள்போல, அந்த அம்மா தலையை ஆட்டுகிறார், ஆட்டிவிட்டுப் பையை இன்னும் கொஞ்சம் நேராக வைக்கிறார்.

அக்காவைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை, அவள்தான் இப்போது மேடை நடுவில் நிற்கிறாள், பச்சைக் கவுன், அது எங்கள் சித்தியின் கல்யாணப் பட்டுச்சேலையைப் பிரித்துத் தைத்தது. எனக்கு அக்கா குரல் மட்டும் வராது. முயன்று பார்த்திருக்கிறேன், பிடிப்பதற்கு அதில் ஒரு மேடுபள்ளமும் இல்லை, எல்லாரிடமும் ஒரே மாதிரிப் பேசுகிறவளை என்னவென்று செய்துகாட்டுவது. எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், போய்ச் சொல்லுதோம் என்றார்கள், ஒவ்வொருவர் போனதும் நான் அவர்கள் மாதிரி நடந்து பேசிக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பேன், சிரிப்பாள், சிரித்துவிட்டுக் கேசரிப் பாத்திரத்தைக் கழுவப் போவாள், தண்ணீர் ரொம்ப நேரம் ஓடும். கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை, வந்தால் வீடு, வேறொன்றும் கிடையாது, கோயில்பிள்ளை சார்தான் ஆள் கிடைக்காமல் நாஸ்த்யாவுக்குக் கூப்பிட்டார், முதல் ஒத்திகையில் வாயே திறக்கவில்லை, இன்பராஜ் அத்தான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொல்லிக் கொடுத்தார், "ஜாய்ஸ், நீங்க என்னப் பாக்க வேண்டாம், என் மீசையப் பாத்துப் பேசுங்க, அது என்னோடது இல்ல." அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு நான் கேட்டிராத சிரிப்பு. ஒருத்தரைக்கூட ஏமாற்றத் தெரியாதவள் மேடையில் நன்றாக நடிக்கிறாளே என்று அப்பா ஆச்சரியப்பட்டார், அவள் நடிக்கவில்லை அப்பா, அது யாருக்கும் தெரியாதா, நாஸ்த்யா கிளெப்பைப் பார்க்கிற பார்வைக்கு அவளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. இப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் அந்தப் பார்வையை நேராக வாங்காமல் அவள் தோளுக்கு மேல், திரைச்சீலையில் வரைந்த பனிமரத்தைப் பார்த்து வசனம் பேசுகிறார். கிளெப் அப்படித்தான் பார்க்க வேண்டும், பொய்க்காரன், கோயில்பிள்ளை சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், அப்படியானால் அதில் எது பாடம், எது அவர்.

பொய்யைச் சொல்லிவிட்டேன். எப்போது சொன்னேன், என் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது, ஒத்திகைக் குரலில், கரகரப்பும் குளிருமாக, கிடங்கு எரிந்தது, கப்பல் முழுகியது, நாஸ்த்யாவுக்கு இனி ஒன்றுமில்லை, அக்கா கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறாள், அத்தான் நிற்கிறார். ஒத்திகையில் இந்த இடத்தில் அவர் ஒரு கேலி முழி முழிப்பார், இப்போது முழிக்கவில்லை, வாய் லேசாகத் திறந்து கதவைப் பார்க்கிறார், இதே செய்தியை ஒரே நாளில் இரண்டாவது தடவை கேட்கிறவரின் முகம், பயந்த முகம், எனக்கு அதைப் பார்த்ததும் முதல்தடவையாக அவர்மேல் இரக்கம் வந்தது, ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும்போல், அத்தான் அது நான்தான், போதும் போதும். கதவைத் தள்ளித் திறந்தால் நாடகம் போய்விடும், ஆறு வாரம், கோயில்பிள்ளை சாரின் சொந்தக் காசு, போனால் போகட்டும் என்று தோன்றுகிறது, தள்ளிப் பார்த்தேன், தச்சர் இது திறக்கிற கதவு இல்லை என்று நான்கு பக்கமும் ஆணி அடித்துவிட்டிருக்கிறார். அத்தான் முழங்கால் போடுகிறார். கையைப் பிடிக்கிறார். "காசா? காசு எதற்கு, நாஸ்த்யா? உன் அன்பு ஒன்று போதும்." இன்னொரு கை பின்னால் போகிறது. நாற்காலிக்குக் கீழே தடவுகிறது. மண்டபத்தில் சிரிப்பு புகைய ஆரம்பிக்கிறது, பையன்கள் ஜன்னலில் முன்னால் சாய்கிறார்கள், இதோ வருகிறது, நான் சொன்னேனே அது. பக்கத்திரையில் நின்று கோயில்பிள்ளை சார் எனக்கு விரலைச் சொடுக்குகிறார், சொல்லு.

சொல்லவில்லை. அத்தான் கை மேஜைமேல் போகிறது. நான் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு வசனம் தீர்ந்துவிட்டது, "உன் அன்பு ஒன்று போதும்" என்று மறுபடி சொல்கிறார், இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் தடுக்குகிறது, மண்டபம் அதையும் நடிப்பு என்று நினைத்து ரசிக்கிறது, அக்கா மட்டும் சட்டென்று அவரைக் குனிந்து பார்க்கிறாள். கோயில்பிள்ளை சார் விரல் விரலாகச் சொடுக்குகிறார். ஸ்டூல் ஆடுகிறது. எந்தக் குரலில் சொல்வது, சவேலி குரலில் சொன்னால் சிரிப்பு வரும், திரை விழும், மாலை போடுவார்கள், கனியம்மாள் வீட்டுக்குப் போய் ஐயருக்குச் சொல்வார், காலையில் தாள் மடியும். தொண்டையிலிருந்த ஆட்டுக்குட்டியைக் கத்தலாம், அத்தானுக்கு அது தெரியும், ஆனால் சத்தமே எழும்பவில்லை, அதற்குப் பதில் ஆங் என்று ஒரு இழுப்பு தானாக வருகிறது. "ஆங்… மாப்ள… ஒண்ணுமில்ல… தொப்பி ஜன்னல் பக்கம் கிடக்கு."

மண்டபம் வெடித்தது. தவமணி வாத்தியாரிடம் படிக்காதவர்கள் இந்த ஊரில் யார், அவர் குரலைக் கேட்டதும் நூறு பேர் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பையன் ஒருவன் ஜன்னலிலிருந்து விழுந்தே விட்டான், அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். அத்தான் சிரிக்கவில்லை. முதலில் அப்பாவைப் பார்த்தார். அப்பா வாய் பொத்தியிருக்கிறது, பேசியது அந்த வாய் இல்லை. அப்புறம் கதவைப் பார்த்தார். நான் சிரிப்பு அடங்குவதற்குள் மிச்சத்தையும் சொன்னேன், அதே குரலில், அவசரமாக, "மத்தியானம் போன்ல பேசினது நானில்ல மாப்ள. மனைக்கு ஒரு வில்லங்கமும் இல்ல. நக எல்லாம் பேசினபடி." சனம் இன்னும் சிரித்தது, அவர்களுக்கு எல்லாமே நாடகம். அவருக்குப் புரிந்துவிட்டது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், புருவம் ஏறியது, தோள் இரண்டும் ஒரு சுமை இறங்கினதுபோல் கீழே வந்தன, மூச்சை விட்டார், பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு, மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது, சிரித்தபடியே தலையைத் திருப்பி முன்வரிசையில் தன் அம்மாவைப் பார்த்து, அக்கா கையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, உள்ளங்கையைக் காட்டி லேசாக அசைத்தார், வேண்டாம், ஐயர்ட்ட சொல்லிராதீங்க, எல்லாம் சரியா இருக்கு. கனியம்மாள் மோவாயைக் கழுத்துக்குள் இழுத்துத் தலையசைத்தார். காலி நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். குளியலறை வாசலில் அப்பா குரலுக்கு ஏமாந்து ஏமாந்து பழகினவள், கதவுக்குப் பின்னால் நான் என்ன செய்தேன் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அவள் கதவுப் பக்கமே திரும்பவில்லை. அவர் விட்ட கை இன்னும் அந்தரத்தில் அப்படியே நின்றது, அதைப் பார்த்தாள், அசைந்துகொண்டிருந்த அவர் உள்ளங்கையைப் பார்த்தாள், அது யாரை நோக்கி அசைகிறது என்று பார்த்தாள், நாஸ்த்யாவின் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தபடியே இருக்க, கண் மட்டும் அதிலிருந்து கழன்று தனியாக வந்தது. மண்டபத்தில் சிரிப்பு ஓய்ந்து, அடுத்த சிரிப்புக்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த அந்த அமைதியில், எல்லாரிடமும் பேசுகிற அதே குரலில், நாடகத்தில் இல்லாத ஒன்றை அவரிடம் கேட்டாள்.

"மத்தியானமே தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, ஒங்க அம்மாட்ட என்னத்த வேண்டாம்னு சொன்னீங்க?"